மிஸ்டு அப்ரோச் வாக்கியம் ஏன் இவ்வளவு குழப்புது?

ஜூன் 3, மாலை (ஐஎஃப்ஆர், அதாவது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கிற ட்ரெயினிங்ல இருக்கிற ஒருத்தர் கேட்டது, அப்படியே போடறேன். மிஸ்டு அப்ரோச்னா இறங்க முடியாம திரும்ப மேல ஏறிப் போறது, அதை எப்படிப் பறக்கணும்னு சார்ட்ல ஒரு வாக்கியம் இருக்கும். விஓஆர்னா தரையில இருக்கிற ரேடியோ வழிகாட்டி நிலையம், ஹோல்ட்னா அங்கேயே சுத்திச் சுத்திக் காத்திருக்கிறது.)

"அண்ணா, ரெண்டு சார்ட்டை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒண்ணுல 'க்ளைம்ப் டு 1000 தென் க்ளைம்பிங் லெஃப்ட் டர்ன் டு 3000 டைரக்ட் விஓஆர் அண்ட் ஹோல்ட்'னு இருக்கு. இன்னொண்ணுல வெறும் 'க்ளைம்பிங் லெஃப்ட் டர்ன் டு 3000 டைரக்ட் விஓஆர் அண்ட் ஹோல்ட்'. ரெண்டும் கடைசில அதே இடத்துக்குத்தானே போகுது? அப்ப அந்த 1000 எதுக்கு? அங்க லெவல் ஆகணுமா? கேட்டா 'எழுதியிருக்கிறபடி பற'ங்கறாங்க. எழுதியிருக்கிறதுதான் புரியல."

ஜூன் 3, இரவு

நல்ல கேள்வி. லெவல் ஆகக் கூடாது, அதை முதல்ல சொல்லிடறேன். அந்த 1000 நின்னு போற உயரம் இல்ல, அதைத் தாண்டின பிறகுதான் திரும்பலாம்னு சொல்ற உயரம். 1000 வரைக்கும் நேரா ஏறு, 1000 வந்ததும் ஏறிக்கிட்டே இடது பக்கம் திரும்பு, 3000 வரைக்கும் ஏற்றம் நிக்காது. ரெண்டாவது சார்ட்ல அந்தக் காத்திருப்பு கிடையாது, மிஸ்டு அப்ரோச் பாயின்ட்ல (எம்ஏபி, ரன்வே தெரியலைனா இறங்கறதைக் கைவிட வேண்டிய இடம்) இருந்தே திரும்ப ஆரம்பிக்கலாம்னு வச்சுத்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. ஏன் இப்படி ரெண்டு விதம்னா, முதல் சார்ட்ல இடது பக்கம் ஏதோ நிக்குது. டவரோ, மேடோ, மரக்கூட்டமோ. கீழ இருக்கும்போதே திரும்பினா அதுக்கும் உனக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி இருக்காது. அந்த டவரைப் பத்தி வாக்கியத்துல ஒரு வார்த்தை இருக்காது, 'க்ளைம்ப் டு 1000 தென்'னு மட்டும்தான் இருக்கும். காரணத்தை எடுத்துட்டு உத்தரவை மட்டும் அச்சடிக்கிறாங்க, எனக்குத் தெரிஞ்சு குழப்பத்துல பாதி இதனாலதான் வருது.

இதை ஆல்டிட்யூட் ப்ரீசெலக்ட் நாப் (ஆட்டோபைலட் எந்த உயரத்துல நிக்கணும்னு விண்டோல வைக்கிற குமிழ்) இன்னும் மோசமாக்கும். சிமுலேட்டர்ல இதை அடிக்கடி பாக்கறேன். பையன் ப்ரீஃபிங் எல்லாம் அழகா சொல்லுவான், ஆனா கிளைட்ஸ்லோப் (ரன்வேக்கு இறங்கற சரிவைக் காட்டற ரேடியோ சிக்னல்) பிடிச்சதும் விண்டோல 1000னு வச்சுடுவான், ஏன்னா வாக்கியத்துல முதல்ல வர்ற நம்பர் அதுதான். கோ-அரவுண்ட் (இறங்காம மேல ஏறறது) பட்டனை அழுத்துவான், மூக்கு மேல போகும், ஃப்ளாப் ஒரு படி உள்ள வரும், பேசிக்கிட்டே இருக்கும்போது 900 தாண்டினதும் ஆட்டோபைலட் தானா மூக்கை இறக்கி 1000ல உக்காந்துடும். இஞ்சின் பவர் இன்னும் மேலயே இருக்கு, ஸ்பீடு ஓடுது, ஃப்ளாப் லிமிட் நெருங்குது, பையன் கண்ணு ஸ்பீடு டேப்ல ஒட்டிக்கிச்சு, திரும்ப வேண்டிய இடம் பின்னாடி போயிடுச்சு. இவ்வளவும் சில விநாடிக்குள்ள நடக்குது. அதனால விண்டோல கடைசி உயரம், அதாவது 3000. 1000 உன் மனசுலயும் வாய்லயும் இருந்தா போதும்.

ஜூன் 4

இன்னொருத்தர் கேட்டது: "எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே சார்ட்ல தெளிவா இல்லையே?"

இது முதல் கேள்வியை விடப் பெரிசு. ஐஎல்எஸ்னா (திசை, சரிவு ரெண்டையும் ரேடியோ காட்டற அப்ரோச்) கிளைட்ஸ்லோப்ல வந்து டிஏ, அதாவது இறங்கறதா இல்லையான்னு முடிவெடுக்கிற உயரம் தொடற இடம்தான் மிஸ்டு அப்ரோச் பாயின்ட். அது உயரத்தை வச்சு வர்ற இடம். அதே பக்கத்துல லோக்கலைசர் (திசையை மட்டும் காட்டற சிக்னல்) மட்டும் வச்சுப் பறக்கிற மினிமாவும் (எவ்வளவு கீழ வரைக்கும் வரலாம்ங்கற வரம்பு) போட்டிருப்பாங்க, அதுக்கு எம்ஏபி வேற இடம், பெரும்பாலும் ரன்வே தொடக்கத்துக்கு பக்கத்துல, டிஎம்இ (ரேடியோவால அளக்கிற) தூரமாவோ ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸ்ல (கடைசிக் கட்டம் தொடங்கற புள்ளி) இருந்து நேரமாவோ. ஒரே சார்ட், ஒரே வாக்கியம், ஆரம்பிக்கிற இடம் மட்டும் ரெண்டு. பாதி வழில கிளைட்ஸ்லோப் போச்சு, லோக்கலைசருக்கு மாறிக்கலாம்னு முடிவு பண்ணினா, ஃபிக்ஸ் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச் அழுத்தியிருந்தாத்தான் அந்த எம்ஏபி உனக்குக் கிடைக்கும். கீழ இருக்கிற குட்டி டேபிள்ல 5 நாட்டிகல் மைலுக்கு 90 நாட்ல 3 நிமிஷம் 20 விநாடி, 120 நாட்ல 2 நிமிஷம் 30 விநாடின்னு போட்டிருக்கும். அது கிரவுண்ட் ஸ்பீடு, ஏர்ஸ்பீடு இல்ல. எதிர்க்காத்துல ஏர்ஸ்பீடை வச்சு டேபிள் பாத்தா நேரம் முடியும்போது நீ இன்னும் எம்ஏபிக்கு முன்னாடிதான் இருப்ப, பின்காத்துல தாண்டிப் போயிருப்ப. தாண்டிப் போறதுதான் அதிகம் பயப்பட வேண்டியது, ஏன்னா தடைகளுக்கான கணக்கு எல்லாம் எம்ஏபில இருந்து, எம்டிஏக்கு (சரிவு காட்டாத அப்ரோச்ல இறங்கக்கூடிய குறைஞ்சபட்ச உயரம்) கீழ போகாம ஆரம்பிக்கிற விமானத்துக்குத்தான்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

முன்னாடியே, அதாவது எம்ஏபிக்கு நாலஞ்சு மைல் இருக்கும்போதே கோ-அரவுண்ட் பண்ணினா என்னன்னு உடனே ஒரு கேள்வி. ஏறலாம், திரும்பக் கூடாது. ஏடிசி (தரையில இருக்கிற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) வேற சொல்லாத வரைக்கும் ஃபைனல் பாதையிலேயே எம்ஏபி வரைக்கும் போய், அதுக்கப்புறம்தான் சார்ட்ல உள்ள திருப்பம். பைலட்டுகளுக்கான அமெரிக்க அரசுக் கையேடான ஏஐஎம் இதை நேரடியாவே எழுதியிருக்கு. ஏறும்போது ஒண்ணு பாத்துக்கணும், சில இடத்துல அந்தப் பாதைக்கு மேல வேற ட்ராஃபிக் குறுக்க போகும், உயர வரம்பு போட்டிருப்பாங்க. வாக்கியத்துல இருந்தா அதுக்குள்ளேயே நில்லு.

ஜூன் 6

ஜூன் 3ல தடைகளுக்கு இடைவெளின்னு பொதுவா சொல்லிட்டுப் போயிட்டேன், அதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம், ஏன்னா ரெண்டு பேர் எதிரெதிரா நம்பர் போட்டுச் சண்டை ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் 200ங்கறார், இன்னொருத்தர் 152ங்கறார். ரெண்டு பேரும் சரி, வேற வேற கணக்கு.

அமெரிக்க டெர்ப்ஸ் (அப்ரோச்சை வடிவமைக்கிற விதிகள்) கணக்குல விமானம் ஒரு நாட்டிகல் மைலுக்குக் குறைஞ்சது 200 அடி ஏறும்னு எடுத்துக்கறாங்க. அதுக்குக் கீழ 40க்கு 1 சரிவுல ஒரு கற்பனைத் தளம் மேல போகுது, அதைத் துளைச்சுக்கிட்டு எதுவும் நிக்கக் கூடாது. 40க்கு 1னா மைலுக்கு 152 அடி. 200ல 152 போனா 48, அதாவது ஒவ்வொரு மைலுக்கும் உனக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவுல 48 அடி கூடிக்கிட்டே போகும். சர்வதேச அமைப்பான ஐகாவோவோட பான்ஸ்-ஆப்ஸ் விதிகள்ல 2.5 சதவீதம். அதைக் கணக்குப் போட்டா அதே 152 அடிதான் வருது, ஆனா அங்க அது விமானம் ஏற வேண்டிய சரிவு. இடைவெளி அதுக்குக் கீழ தனியா, ஏற்றத்தோட நடுக்கட்டத்துல 30 மீட்டர், கடைசிக் கட்டத்துல 50 மீட்டர். ஒரே நம்பர், ஒரு இடத்துல தடையோட கூரை, இன்னொரு இடத்துல உன் பாதை. ரெண்டு சிஸ்டத்துலயும் பறக்கிறவங்க இதைக் கலந்துடக் கூடாது.

இதுக்கு மேல ஏறணும்னா சார்ட்ல தனியா எழுதுவாங்க, 'மிஸ்டு அப்ரோச் ரிக்வயர்ஸ் மினிமம் க்ளைம்ப் ஆஃப் 300 ஃபீட் பெர் என்எம் டு 4500' மாதிரி. பொடி எழுத்துல, நோட்ஸ் பெட்டில. சில சமயம் மினிமா வரிசையில ஒரு குறி மட்டும் இருக்கும், விளக்கம் வேற மூலையில இருக்கும். மைலுக்கு 300 அடின்னா 90 நாட்ல நிமிஷத்துக்கு 450 அடி, 120 நாட்ல 600, 150 நாட்ல 750. வேகமா போனா நிமிஷத்துக்கு இன்னும் அதிகமா ஏறணும். இங்கதான் சின்ன விமானம் ஓட்டறவங்க மாட்டறாங்க. சூடான நாள், நாலு பேர், ஃப்ளாப் இன்னும் வெளிய, லேசா ஐஸ் வேற. அந்த 450 வருமான்னு உக்காந்து யோசிக்கணும், தரையில. வராதுன்னா அதே சார்ட்ல உயரமான மினிமா ஒண்ணு கூடவே கொடுத்திருக்காங்களான்னு பாரு. இல்லேன்னா அந்த அப்ரோச் அன்னிக்கு உனக்கு இல்ல.

எனக்கு இதுல உண்மையிலேயே கோபம் உண்டு. உயிர் போற விஷயத்தை அவ்வளவு பொடி எழுத்துல போடறதும், மினிமா ஒரு மூலை, அதுக்கான நிபந்தனை இன்னொரு மூலைன்னு பிரிக்கிறதும் தப்பு. இடமில்லைங்கறது தெரியும், ஒரு பக்கத்துக்குள்ள எல்லாம் அடங்கணும். இருந்தாலும்.

ஜூன் 7

"ஜிபிஎஸ் இருந்தா இதெல்லாம் அதுவே பாத்துக்காதா?"

பாதி பாத்துக்கும். எம்ஏபி தாண்டினதும் ஜிபிஎஸ் பெட்டி தானா அடுத்த லெக்குக்கு (பாதையோட அடுத்த துண்டு) போகாது, நீ ஏதாவது அழுத்தணும். அழுத்தலைனா ஃபைனல் கோர்ஸை அப்படியே நேரா நீட்டிக் காட்டிக்கிட்டே இருக்கும், ஸ்க்ரீன் ஓரத்துல 'சஸ்ப்'னு (அடுத்த லெக்குக்குப் போறதை நிறுத்தி வச்சிருக்குன்னு அர்த்தம்) சின்னதா ஒரு வார்த்தை, எம்ஏபில இருந்து தூரம் மட்டும் கூடிக்கிட்டே போகும். ஊசி நடுவுல இருக்கும். அதுதான் ஆபத்து, ஊசி நடுவுல இருந்தா எல்லாம் சரின்னு மூளை நம்பிடும். சார்ட் இடது பக்கம் திரும்பச் சொல்லுது, நீ ஊசியைப் பிடிச்சு நேரா போய்க்கிட்டே இருக்க.

எம்ஏபிக்கு முன்னாடியே அழுத்தினா? சென்சிட்டிவிட்டி உடனே டெர்மினல் அளவுக்கு, ரெண்டு பக்கமும் 1 மைல்னு விரிஞ்சிடும், அதுவரைக்கும் குறுகலா இருந்த ஊசி திடீர்னு சோம்பேறி ஆன மாதிரித் தெரியும். வழிகாட்டல் எம்ஏபி வரைக்கும்தான் நிச்சயம். அதைத் தாண்டித் தானா போகுமா, திரும்ப அழுத்தணுமாங்கறது பெட்டிக்குப் பெட்டி மாறுது, அதனால உன் பெட்டியோட கையேட்டை எடுத்து அந்த ஒரு பக்கத்தைப் படிச்சுடு. இன்னொருத்தர் விமானத்துல பறக்கும்போது இதைக் கேக்காம ஏறாதே.

ஜூன் 7, திரும்ப

மேல விட்டுப்போனது. 'க்ளைம்ப் டு 1000 தென்'ங்கறதை டேட்டாபேஸ்ல ஒரு லெக்கா எழுதுவாங்க, இந்தக் கோர்ஸ்ல இந்த உயரம் வரைக்கும் போன்னு. முடியற இடம் உயரம், அதனால மேப்ல அதுக்கு நிலையான புள்ளி கிடையாது. பழைய பெட்டிகள் பலதுக்கு உயரமே தெரியாது, அதனால அந்த லெக்கை நீயே கையால பறந்து, அப்புறம் அடுத்த ஃபிக்ஸுக்கு டைரக்ட் போடணும். புதுசுல தெரியும். ஆனா நீ ஏற்கெனவே 1500ல இருந்து கோ-அரவுண்ட் பண்ணியிருந்தா, எம்ஏபி தாண்டின அடுத்த நொடி அந்த லெக் முடிஞ்சதா எடுத்துக்கிட்டு உடனே திருப்பும். எதிர்பார்க்காதவனுக்கு திடீர்னு இறக்கை சாயறது பயமா இருக்கும். அது சரியாத்தான் பண்ணுது.

முதல் லெக் ஏதோ ஒரு ஃபிக்ஸுக்கு டைரக்ட் இல்லாம குறிப்பிட்ட கோர்ஸ் வழியான்னு இருந்தா, சில பெட்டில அந்தக் கோர்ஸை நீயே செட் பண்ணணும். சார்ட்ல உள்ள கோடும் ஸ்க்ரீன்ல உள்ள கோடும் ஒண்ணுதானான்னு அப்ரோச் லோட் பண்ணின உடனே ஒருதடவை விரலை வச்சு ஓட்டிப் பாத்துடு.

ஜூன் 9

"இவ்வளவு பெரிசு பண்ணணுமா, நூறு அப்ரோச்ல ஒரு தடவை வர்ற விஷயம்"னு ஒருத்தர். அரிதா வர்றதாலதான் பெரிசு பண்ணணும். லேண்டிங் தினம் பண்றோம், கை பழகியிருக்கு. இது கை பழகாத வேலை, அதுவும் தரைக்குப் பக்கத்துல, மேகத்துக்குள்ள, முழு பவரோட.

பஹ்ரைன்ல 2000 ஆகஸ்ட் 23, கல்ஃப் ஏர் 072, ஏ320. ராத்திரி, கடலுக்கு மேல கோ-அரவுண்ட். பவர் ஏறி வேகம் கூடும்போது உள்காதுக்கு அது மூக்கு மேல தூக்கற மாதிரியே தோணும், வெளிய ஒரு விளக்கு கிடையாது, பைலட் மூக்கைக் கீழ தள்றார். 143 பேர். ரோஸ்டோவ்ல 2016 மார்ச் 19, ஃப்ளைதுபாய் 981, ரெண்டாவது கோ-அரவுண்ட், அங்கயும் மூக்கு கீழ போச்சு, 62 பேர். இந்த ரெண்டும் சார்ட் புரியாததால நடந்தது இல்ல, அதை அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா அந்தச் சில விநாடில உடம்பே உன்கிட்ட பொய் சொல்லுது, கண்ணு ஆட்டிட்யூட் இண்டிகேட்டரை விட்டு நகரவே கூடாது. அந்த நேரத்துல மடில இருக்கிற பேப்பரைக் குனிஞ்சு ரெண்டு வரி படிச்சுப் பொருள் பிரிக்க முடியுமா? தலையைக் குனிஞ்சு நிமிர்த்தினாலே தலைசுத்தல் வரும். நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான்: அந்த வாக்கியம் படிக்கிற நேரத்துல பறக்கிறதுக்காக எழுதினது இல்ல, முன்னாடியே பிரிச்சு வச்சுக்கறதுக்காக எழுதினது.

காட்மாண்டு, 1992 ஜூலை 31, தாய் ஏர்வேஸ் 311. ஃப்ளாப்ல பிரச்சனை, சரியானப்ப ரொம்ப உயரத்துல இருக்காங்க, இறங்க முடியாது. திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கலாம்னு ஏடிசியோட பேச்சு, மேகத்துக்குள்ள திருப்பம். தெற்க போக வேண்டிய விமானம் முழுசா ஒரு சுத்து சுத்தி வடக்க போய் 11,500 அடியில மலையில மோதிச்சு. 113 பேர். எஃப்எம்எஸ்ஸை (பாதையைப் போடற கணினி) நிரப்பறது, ரேடியோ, ஃப்ளாப், எல்லாம் ஒண்ணா சேந்து, நாம எந்தப் பக்கம் பாத்துப் போறோம்ங்கற ஒரே கேள்வி நடுவுல காணாம போச்சு. இதைப் படிச்சதுல இருந்து நான் ஒவ்வொரு மிஸ்டுக்கும் முதல் ஹெட்டிங்கை வாய்விட்டுச் சொல்றேன், ஒத்தையாப் பறந்தாலும்.

ஜூன் 10

எப்படிப் பிரிச்சு வச்சுக்கறீங்கன்னு மூணு பேர் கேட்டாச்சு.

வாக்கியத்தை முழுசா மனப்பாடம் பண்றதில்ல. முதல் ரெண்டு அசைவு மட்டும் மனசுல, மிச்சம் பேப்பர்ல. "நேரா, ஆயிரம். அப்புறம் இடது, மூவாயிரம்." அவ்வளவுதான். விஓஆர், ஹோல்டிங், எந்தப் பக்கத்து என்ட்ரி எல்லாம் 2000 தாண்டி, கியரும் ஃப்ளாப்பும் உள்ள போய் விமானம் சுத்தமா ஆனதும் பாத்துக்கலாம், அதுக்கு நேரம் இருக்கு. முதல்ல கையும் கண்ணும்: மூக்கு, பவர், ஏறுதான்னு ஆல்டிமீட்டர் காட்டணும், அப்புறம் கியர், ஃப்ளாப். வாய் கடைசில. ஏடிசிக்குச் சொல்ல அவசரமே கிடையாது.

அதோட ப்ரொஃபைல் படத்துக்குப் பக்கத்துல குட்டிக் குட்டிப் பெட்டில அம்புக்குறி போட்டிருப்பாங்களே, அதை மட்டும் பாத்துட்டுப் போறது இப்ப பழக்கமாயிடுச்சு. சட்டுனு நினைவுபடுத்த அது ரொம்ப நல்லது. ஆனா சுருக்கினது சுருக்கினதுதான், நிபந்தனை எல்லாம் அதுல வராது. 'மேக்ஸ் 185 நாட்ஸ்' மாதிரி ஒரு வேக வரம்பு வாக்கியத்துல இருந்து பெட்டில இல்லாம இருக்கலாம். அந்த வேகத்தை மீறினா திருப்பம் அகலமாகும், அகலமானா அவங்க பாதுகாத்து வச்ச பரப்புக்கு வெளிய போயிடுவ.

ரெண்டு பேர் இருக்கிற காக்பிட்ல "மிஸ்டு, ஆஸ் பப்ளிஷ்டு"ன்னு ஒரே மூச்சுல சொல்லி ப்ரீஃபிங்கை முடிக்கிறாங்க. தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க. அந்த ரெண்டு வார்த்தை சொன்னா ரெண்டு பேருக்கும் தெரியும்னு ரெண்டு பேரும் நெனச்சுப்பாங்க, அவ்வளவுதான் நடக்கும்.

ஜூன் 12

ஏடிசி வேற மாதிரி சொன்னா என்னங்கறது. ஏடிசி சொன்னதுதான் செல்லும், 'ரன்வே ஹெட்டிங், 2000'னா அதுதான், சார்ட் இல்ல. ஆனா அப்படிச் சொல்றது பாதி நேரம் மோசமான கணத்துல வரும். ஃபைனல்லயே "மிஸ்டு ஆனா என்ன பண்ணச் சொல்வீங்க"ன்னு கேட்டு வச்சுக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

சார்ட்ல இல்லாத ஒண்ணை ரேடியோல சொல்றப்ப ரெட்டைக் கவனம் வேணும். டெனரிஃப்ல 1980 ஏப்ரல் 25, டான்-ஏர் 1008. கன்ட்ரோலர் கொடுத்த ஹோல்டிங் எந்த சார்ட்லயும் அச்சாகலை. இடப்பக்கமா சுத்திச் சுத்தி வரணும்னு நெனச்சு சொன்னார், இடப்பக்கம் ஒருதடவை திரும்பணும்னு காக்பிட்ல புரிஞ்சுது. இங்கிலீஷ்ல 'டர்ன்ஸ்'க்கும் 'டர்ன்'க்கும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். உயர்ந்த நிலத்துப் பக்கம் திரும்பி 146 பேர் போயிட்டாங்க. கையில படம் இருந்திருந்தா கேள்வியே வந்திருக்காது. நான் சார்ட்டைத் திட்டினாலும் அச்சடிச்ச படத்தை விட்டுக்கொடுக்காததுக்கு இதுதான் காரணம்.

நோட்டம் (பைலட்டுகளுக்கு விடற அறிவிப்பு) வழியா வர்ற திருத்தமும் இதே வகைதான். ஆஸ்பென்ல 2001 மார்ச் 29, கல்ஃப்ஸ்ட்ரீம் ஒண்ணு ராத்திரி அப்ரோச்ல மோதி 18 பேர் இறந்தாங்க. ராத்திரியில அந்த அப்ரோச்சுக்குத் தடைன்னு ரெண்டு நாள் முன்னாடி வந்த நோட்டமோட வாசகம் தெளிவா இல்லைங்கறதை அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி காரணங்கள்ல ஒண்ணா எழுதியிருக்கு. பைலட்டோட முடிவுதான் முதல் காரணம், அதையும் எழுதியிருக்காங்க.

ஆஸ்பென்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்க லோக்கலைசர் டிஎம்இ-ஈ அப்ரோச்சோட மிஸ்டு வேற ஒரு லோக்கலைசரைப் பிடிச்சுப் போகுது, ஐ-பிகேஎன்னு. உள்ள வர ஒண்ணு, வெளிய போக இன்னொண்ணு. சுத்தி மலை, ஏறிக்கிட்டே ஃப்ரீக்வென்சி மாத்தறதா? ரெண்டாவது ரேடியோல முன்னாடியே போட்டு, ஐடென்ட் (அந்த நிலையத்தோட அடையாள ஒலி) கேட்டு வச்சுடணும். இந்த மாதிரி சார்ட்டை எடுத்து சும்மா மேஜையில வச்சுப் படிச்சாலே நிறைய கத்துக்கலாம், அங்க போகவே வேண்டாம்.

ஜூன் 15

சர்க்ளிங் (அப்ரோச்ல வந்து, ரன்வேயைக் கண்ணால பாத்துச் சுத்தி வந்து இறங்கறது) பத்தி ஒண்ணு, சின்னதா. ஃபைனல்ல இருந்து விலகி, ரன்வேயைச் சுத்திக்கிட்டு இருக்கும்போது ரன்வே கண்ணுல இருந்து மறைஞ்சா, வாக்கியத்துல 'லெஃப்ட் டர்ன்'னு இருக்கேன்னு இருக்கிற இடத்துல இருந்து இடது திரும்பாதே. அந்த வாக்கியம் எம்ஏபில, ஃபைனல் திசையில இருக்கிறவனுக்கு எழுதினது. நீ இப்ப அங்க இல்ல. முதல்ல ஏறிக்கிட்டே இறங்க இருந்த ரன்வே பக்கமா திரும்பு, அதையே தொடர்ந்து மிஸ்டு பாதையில போய்ச் சேரு. ரன்வேக்கு மேல இருக்கிற வரைக்கும் சர்க்ளிங் பரப்புக்குள்ள இருக்க, அங்க இடைவெளி கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. எந்த இடத்துல மறைஞ்சாலும் எந்தப் பக்கம் திரும்புவேன்னு சுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நாலு திசைக்கும் ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு பாருங்க, ரெண்டு இடத்துல பதில் ஆச்சரியப்படுத்தும்.

ஜூன் 16

"டிஏக்குக் கீழ போய் ரன்வே தெரிஞ்சு, 50 அடியில திரும்ப எதுவும் தெரியாம போச்சுன்னா?" ஏறணும், வேற வழி இல்ல. டிஏல முடிவு பண்ணும்போது விமானம் கொஞ்சம் கீழ அமுங்கித்தான் மேல வரும், அது கணக்குல சேத்தது. எம்டிஏல அந்தச் சலுகை கிடையாது, அதுக்குக் கீழ தொடவே கூடாது, அதனாலதான் பல கம்பெனிகள் மேல ஒரு 50 அடி சேத்துக்கறாங்க. ஆனா 50 அடியில, ரன்வே பாதி தாண்டின இடத்துல இருந்து ஏறினா அந்த 40க்கு 1 தளத்துக்கு நீ ரொம்பப் பின்தங்கி ஆரம்பிக்கற. தட்டையான இடத்துல ஒண்ணும் ஆகாது. எதிர்ல மலை இருக்கிற ஏர்போர்ட்ல அது வேற கதை, அங்க புறப்படறதுக்குன்னு போட்டிருக்கிற தடை நடைமுறையையும் சேத்துப் படிச்சு, எது பொருந்தும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வைக்கிறது நல்லது. இதுல கருத்து வேறுபாடு இருக்கு, எனக்குத் தெரிஞ்ச நல்ல இன்ஸ்ட்ரக்டர்களே ரெண்டு விதமா சொல்றாங்க.

ஜூன் 19

முதல்ல கேட்ட தம்பி திரும்ப வந்தார். இப்ப 'அண்ட் ஹோல்ட், கன்டின்யூ க்ளைம்ப்-இன்-ஹோல்ட் டு 8000'னு ஒரு சார்ட். "ஹோல்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள 8000 வரலைன்னா தப்பா?"ங்கறார்.

தப்பே இல்ல, அதுக்குத்தான் அந்த வரியே. ஃபிக்ஸுக்கு வரும்போது 6200ல இருந்தாலும் பரவாயில்ல, ஹோல்டிங்ல சுத்திக்கிட்டே 8000க்கு ஏறு, அப்படி ஏறலாம்னு அந்தப் பரப்பைச் சோதிச்சு வச்சிருக்காங்க. அந்த வரி இல்லாத சார்ட்ல ஹோல்டுக்குள்ள சுத்திச் சுத்தி ஏறிக்கலாம்னு நீயா எடுத்துக்காதே. ஹோல்டுக்கு வர்றதுக்குள்ளேயே அந்த உயரம் வரணும்னு அர்த்தம், வராதுன்னு தோணினா ஏடிசிக்கு முன்னாடியே சொல்லு. விண்டோல 8000. ஏறும்போது வேகத்தையும் பாத்துக்கோ, சாதாரண ஹோல்டிங்ல அமெரிக்காவுல 6000 வரைக்கும் 200 நாட், அதுக்கு மேல 14,000 வரைக்கும் 230, ஆனா இப்படி ஏறச் சொல்லி எழுதின ஹோல்டுக்கு வரம்பு வேற, சார்ட்ல வேகம் போட்டிருந்தா அதுதான்.

அந்த சார்ட்டோட நோட்ஸ் பெட்டியையும் ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, ஏற்ற விகிதம் ஏதாவது தனியா எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்றேன்.